எலிகள் நம்பிய கை

ஆராய்ச்சிக்கூடத்தில் எலி வளர்ப்பவருக்கு யாரோ ஒரு புண்ணியவான் 'பூனை' என்று பேர் வைத்துவிட்டுப் போய்விட்டான். வைத்தவன் வேலை மாறிப் பல வருஷம் ஆகிறது. பேர் மட்டும் போகவில்லை. சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவர் பூனைதான். அவருக்கும் அதில் வருத்தம் கிடையாது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு எலிகூட அவரைக் கடித்ததில்லை, அந்தப் பெருமை போதும் அவருக்கு.

அவருடைய வேலையைச் சொன்னால் சிரிப்பார்கள். தினமும் காலையில் ஒவ்வொரு எலியையும் கூண்டிலிருந்து எடுத்து, மூன்று நிமிஷம் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப விட வேண்டும். இப்படிப் பத்து நாள். பதினோராம் நாள் அதே கையால் எடுத்துப் பக்கத்து அறைக்கு விறுவிறுவென்று கொண்டுபோனால், அங்கே கத்தி மேடை. ஒரு நொடியில் முடிந்துவிடும். எலி கடைசிவரை பயப்படக் கூடாது. இரக்கத்தால் மட்டும் செய்த ஏற்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். பயந்தால் கணக்கு கெட்டுவிடும்.

ஏன் கெடும் என்பதைக் கூடத்தின் தலைவியான டாக்டரம்மா அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு. எலிக்கு அது மிளகு அளவுகூட வராது. பயமோ வலியோ வந்தா மூளை அதுக்கு உத்தரவு போடும். உடனே அது எண்டார்ஃபினை ரத்தத்துல விடும். உடம்பு தானே செஞ்சுக்கிற வலி மருந்து. கூடவே சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பிக்கும் சேதி போகும். அங்கேருந்து வர்ற பதில் 'போதும், நிறுத்து'ன்னு மூளைகிட்ட சொல்லும். இந்த உத்தரவையும் இந்தப் 'போதும்'ஐயும்தான் நாம அளக்குறோம். வலிக்கிற எலியை வலிக்காத எலியோட ஒப்பிடணும். வலிக்காத எலி உங்க கையில பயந்துடுச்சுன்னா, எனக்கு ஒப்பிட ஒண்ணுமே இல்ல."

"புரியுதும்மா" என்றார் பூனை. நிஜமாகவே புரிந்தது. வலியைப் பற்றி வீட்டில் அவர் படித்துக்கொண்டிருந்த பாடம் இதைவிடப் பெரியது.

அவர் மனைவிக்கு முதுகெலும்பில் புற்று. இனிக் குணமாக்க ஒன்றுமில்லை, வலியை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒன்றாக நாளைக்கு ஆறு மார்ஃபின் மாத்திரை. வாரத்துக்கு நாற்பத்திரண்டு, அதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் தர மாட்டார்கள். அதுவும் ஊழியர் அட்டையைக் காட்டினால்தான். அட்டை வேலை இருக்கும்வரை. வேலை, டாக்டரம்மா வருஷா வருஷம் கையெழுத்துப் போடும்வரை. பகலில் மனைவியின் அக்கா வந்து துணைக்கு இருப்பார். மாத்திரை டப்பா தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கும், நேரம் பார்த்து மனைவியே எடுத்துக்கொள்வாள்.

நோய் முற்ற முற்ற, பூனையின் கை அவர் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிற்று. முதல் பத்து நாளையும் எப்படியோ சமாளித்துவிடுவார். எலி அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, நிதானமாக எடுத்தால் ஒன்றும் தெரியாது. பதினோராம் நாள்தான் மாட்டிக்கொள்வார். நாற்பது எலியை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி ஓட வேண்டும். காதுக்குள் வீட்டு முனகல் கேட்டுக்கொண்டே இருக்கும், விரல் நடுங்கும். பயந்த எலி கையிலேயே புழுக்கை போடும். முன்பெல்லாம் நாற்பதில் ஒன்றுகூடப் போடாது. இப்போது முக்கால்வாசி போட்டன. அவர் சத்தமில்லாமல் கையைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு தொகுதி வீணாயிற்று. வலிக்காத எலிக்கும் வலிக்கிற எலிக்கும் ரத்தத்தில் ஒரே அளவு. டாக்டரம்மா ரசாயனத்தை மாற்றினார், ஐஸை மாற்றினார், மெஷினைப் பழுது பார்க்க ஆள் கூப்பிட்டார். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மகராசிக்குப் பூனையின் கையைச் சந்தேகப்பட மட்டும் தோன்றவில்லை. அந்த நம்பிக்கைதான் பூனையை உள்ளுக்குள் கொன்றது.

"இந்தத் தடவையும் இப்படி வந்தா கூடத்தையே மூடிடுவாங்க" என்றார் டாக்டரம்மா. "எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல."

பூனை வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேறு கை வைத்துக்கொள்வார்கள். வேறு கை வந்தால் அட்டை போகும். அட்டை போனால் மாத்திரை போகும். அதற்குப் பிறகு அவள் படப்போவதை நினைக்கக்கூட அவருக்குத் தைரியம் இல்லை.

மூன்றாவது தொகுதிக்கு நாள் வந்தது. காலையில் சட்டையை மாட்டும்போதே கை ஆடியது. மனைவி கண்ணை மூடிக் கிடந்தாள். டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பெண்டாட்டியின் மருந்தைத் திருடித் தின்கிற பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு தெருவில் நடந்தார். எலி அறைக்குப் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் திட்டு நின்றுவிட்டது. கை கல் மாதிரி நின்றது. நாற்பது எலியும் அதில் சுருண்டு படுத்து, அப்படியே போய்ச் சேர்ந்தன.

அன்று சாயங்காலம் மனைவி டப்பாவைப் பார்த்தாள். "ஒண்ணு குறையுதுங்க."

"ஆஸ்பத்திரி மருந்துக்கடையில குறைச்சுக் குடுத்திருப்பான்" என்றார். அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு சரி என்றாள். அந்த வாரத்தின் கடைசி இரவில், அந்த ஒரு மாத்திரை இல்லாமல் விடியும்வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். இனிமேல் செத்தாலும் தொடுவதில்லை என்று முடிவு பண்ணினார்.

பரிசோதனை முடிவு வந்தபோது டாக்டரம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அளவு பிரிஞ்சு வந்திருக்கு. இதே மாதிரி இன்னும் மூணு தடவை வந்துட்டா போதும், யாரும் நம்மள அசைக்க முடியாது."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "இன்னும் மூணு தடவையாம்."

"மூணுதானா?" என்று கேட்டாள்.

அடுத்த எலிகளைக் கையில் எடுக்க ஆரம்பித்த வாரத்திலேயே வீட்டில் நிலைமை மோசமாயிற்று. அக்கா அவரை வாசலில் மறித்துச் சொன்னார்: "மத்தியானம் ஆனா துடிச்சுப்போயிடுறா. மாத்திரை போட்டேன்னுதான் சொல்றா. கேக்கவே மாட்டேங்குது."

மறுநாள் பூனை, யாரோ தூரத்துச் சொந்தத்துக்கு என்று சொல்லி, வலி மாத்திரை ஏன் கேட்காமல் போகிறது என்று டாக்டரம்மாவிடம் விசாரித்தார்.

"வெளியிலேருந்து மருந்து வந்துக்கிட்டே இருந்தா உடம்பு தன் கடையைச் சாத்திடும்" என்றார் அவர். "மருந்தை வாங்கிக்கிற இடங்களும் மரத்துப்போகும். அப்புறம் அதே மாத்திரை பத்தாது."

அதுதான், அவளுக்குள் கடை சாத்தியாயிற்று என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடி, கூட நாலு மாத்திரைக்குக் கெஞ்சினார். அடுத்த மாதம் டாக்டர் பார்த்துச் சொல்வார் என்றார்கள். அடுத்த மாதம் என்பதை அவர்கள் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பி வரும் வழியில் யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதார்.

பதினோராம் நாள் காலை. சட்டைப் பொத்தான் போட வரவில்லை. மூன்று முறை நழுவியது.

"இன்னைக்கு எலி நாள்தானே?" என்றாள் மனைவி.

"ஆமா. நீ தூங்கு."

அவள் தலையணைக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். பிரித்தார். மூன்று மாத்திரை.

"அன்னைக்கு நீங்க வந்தப்ப உங்க கண்மணி ரெண்டும் கடுகு மாதிரி சுருங்கி இருந்துச்சு. இந்த மாத்திரை போட்டா என் கண்ணும் அப்படித்தான் ஆகுது, கண்ணாடியில தினமும் பாக்குறேனே, எனக்குத் தெரியாதா? கடைக்காரன் மேல ஏங்க பழி போட்டீங்க?"

"அக்காகிட்ட மத்தியானம் போட்டேன்னு சொன்னியே."

"மூணு நாள் மத்தியானம் மட்டும் போடல. தடவைக்கு ஒண்ணு, மூணு தடவைதானே. இப்போ குறை இல்லாம எடுத்துக்கிறேன்."

"வேண்டாம்டி. நீயே போட்டுக்கோ. நான் டாக்டரம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடுறேன்."

"சொல்லிட்டு? அட்டைக்கு எங்கே போவீங்க?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "மூணு நாள் நான் பட்டது வீணாப் போகணுமா? போடுங்க. நான் பாக்கணும்."

தண்ணீர் டம்ளரையும் அவளே நகர்த்தி வைத்தாள். அவர் ஒன்றை எடுத்து, அவள் பார்க்க விழுங்கினார். அதற்குப் பிறகுதான் அவள் கண்ணை மூடினாள்.

அன்றைக்கு நாற்பது எலியில் ஒன்றுகூடப் பயப்படவில்லை.