முன்னால் நகர்ந்த சீட்

அந்த வட்டாரத்தில் அவருக்கு நோட்டம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் டிரைவிங் லைசென்ஸில் மட்டும் இருந்தது. எதிரே வருகிற ஆளைத் தலை முதல் கால் வரை ஒரு முறை, கால் முதல் தலை வரை மறுபடி ஒரு முறை அளந்த பிறகுதான் வணக்கத்துக்குப் பதில் சொல்வார். கடைக்காரர் கொசுறாக ஒரு பழம் போட்டால் முதலில் அதைத்தான் பிளந்து பார்ப்பார், புழு இருக்கும் என்று. மகளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "இவ்வளவு மரியாதையா பேசறீங்களே, பையன்கிட்ட என்ன குறை?" என்று கேட்டவர். நல்லவேளை, வந்தவர்கள் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்துவிட்டார்கள்.

பிழைப்பு ஒரு பழைய ஜீப். ஊரை ஒட்டிய மலையின் உச்சியில் சிக்னல் கோபுரம் ஒன்று நிற்கிறது. அங்கே வேலை பார்க்கிறவர்களையும் அவர்களுக்கான தண்ணீர்க் கேன், பேட்டரி, சாமான்களையும் ஏற்றிக்கொண்டு காலையில் மேலே போவார், மாலையில் இறங்குவார். பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஏலத்தில் எடுத்த வண்டி அது. முன்சீட் இரண்டும் தகரத்தின்மேல் ரெக்சின் ஒட்டிய பலகைகள்; முன்னேயும் நகராது, பின்னேயும் நகராது. முதல் வளைவு தாண்டுவதற்குள் முதுகில் எத்தனை எலும்பு என்று எண்ணிச் சொல்லிவிடலாம். ஆனாலும் வண்டி என்றால் அவருக்கு உயிர். அதன் ஸ்டியரிங்கை வேறு ஒருவர் தொட அவர் விட்டதே இல்லை.

இதில் அவர் மறைத்துவைத்த சங்கதி ஒன்று இருந்தது. கொஞ்ச காலமாக அவருடைய வலது பாதம் அவ்வப்போது மரத்துப் போய்க்கொண்டிருந்தது. இடுப்பில் ஒரு வெட்டு வெட்டும். அப்புறம் பாதம் தன்னுடையதா, பக்கத்து வீட்டுக்காரருடையதா என்றே தெரியாது. டாக்டரிடம் போனால் வண்டி ஓட்டாதே என்பார். வீட்டில் சொன்னால் வண்டி கைமாறிவிடும். யார் கைக்கு என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை: மாப்பிள்ளை. அடுத்த தெருவில் குடியிருக்கும் அந்த மனிதருக்கு வண்டியின் மேல் ஒரு கண் என்பது அவர் தீர்மானம். மாப்பிள்ளை ஒருநாள் ஜீப்பைத் தடவிக்கொடுத்து, "நல்ல வண்டி மாமா" என்று சொல்லியிருந்தார். சாட்சிக்கு இது போதாதா!

இப்படி இருக்கையில்தான் மனைவி பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, அந்த சீட்டை மாத்திடலாமே. பழைய இரும்புக் கடைக்கு ஒரு கார் வந்திருக்காம். சீட்டு ரெண்டும் மெத்தை மாதிரி இருக்குன்னு மாப்பிள்ளை சொன்னாரு."

நோட்டம் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு சொன்னது?"

"மாப்பிள்ளை."

"அவருக்கு எதுக்கு என் முதுகு மேல அக்கறை?"

"உங்க முதுகு மேல யாருக்கும் அக்கறை இருக்கக் கூடாதா?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அவர் கேட்காததா. முப்பது வருஷமாக அந்தப் பலகையைப் பற்றி வாயே திறக்காதவள் இன்று திறக்கிறாள் என்றால் உள்ளே ஏதோ வேகிறது. மறுநாள் அவர் வாசலுக்கு வந்தபோது, அவள் தையல் மெஷினில் கிடக்கும் அளவு நாடாவை எடுத்துவந்து ஜீப்பின் சீட்டிலிருந்து கிளட்ச் வரை பிடித்து அளந்துகொண்டிருந்தாள். "என்ன அளக்கறே?" என்றார். "சும்மா, புது சீட்டு அடங்குமான்னு" என்றாள். அடங்குமா என்று பார்க்கிறவள் அகலத்தை அல்லவா அளப்பாள்? அதை அவர் கேட்கவில்லை. மனதில் முடிந்துவைத்துக்கொண்டார்.

வேண்டாம் என்று மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள், பேச்சு முதுகில் தொடங்கிப் பாதத்தில் வந்து நிற்கும். சரி என்றார்.

வெல்டிங் பட்டறையில் காலையிலேயே போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார் என்றால் அது குறைவு. கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். எஞ்சின் பக்கம் யாராவது நடந்தால் கூடவே நடந்தார். கார் சீட் இரண்டும் வந்து இறங்கியதும் பஞ்சை அமுக்கிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார்.

"மெக்கானிக்கு, இதை யாரும் ராத்திரி கழட்டிட்டுப் போகாத மாதிரி நல்லா இறுக்கணும்."

"போல்ட்டு போட்டுடறேன்ணே, போதும்."

"போல்ட்டுக்கு ஸ்பேனர் உண்டு. சுத்தி வெல்டு வை."

"அண்ணே, அதுக்கு அடியில..."

"அடியில என்ன? பணத்தைப் புதைச்சு வச்சிருக்கியா? வெல்டு வைன்னா வை."

மெக்கானிக் ஒரு தரம் அவர் முகத்தைப் பார்த்தார். சொல்லிப் பிரயோசனமில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றிலும் பட்டை பட்டையாக வெல்டு வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை பங்க்கில் நோட்டம் வண்டியை நிறுத்தினார். டீசல் போடுகிறவர் குழாயோடு வந்து, வழக்கம்போல, "சீட்டைத் தூக்குங்கண்ணே" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. அந்த ஜீப்புக்கு டீசல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். காலமெல்லாம் சீட்டைத் தூக்கித் தூக்கி டீசல் ஊற்றிய மனிதர், திருடனுக்குப் பயந்து டேங்க்கின் மூடியையே சிறைவைத்துவிட்டார். இழுத்துப் பார்த்தார். சீட் அசையவில்லை, வண்டிதான் ஆடியது. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார். "அண்ணே, திருடன் சீட்டையும் எடுக்க மாட்டான், வண்டியையும் ஓட்ட மாட்டான்" என்று டீசல் போடுகிறவர் சொன்னதற்குப் பங்க்கே சிரித்தது. நோட்டம் சிரிக்கவில்லை. மெக்கானிக்கை யாரோ விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று நினைத்தார்.

மிச்சமிருந்த சொட்டு டீசலில் பட்டறைக்குத் திரும்பி, வெல்டை அறுத்துக் கீல் வைத்து, சீட்டைத் தூக்கும்படி செய்துகொண்டார். மெக்கானிக் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

சீட் என்னவோ சுகமாகத்தான் இருந்தது. அதுவே அவருக்கு எரிச்சல். கோபுரத்துக்குப் போய் இறங்கும்போது இடுப்பு வெட்டவில்லை. மாப்பிள்ளையின் யோசனை பலித்துவிட்டதே என்ற கடுப்பில் அன்று மகள் வந்தபோது, "பரவாயில்ல, கொஞ்சம் புழுங்குது" என்றார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏறி உட்கார்ந்தால் முழங்கால் போய் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் நாலு விரல் முன்னால் நகர்ந்திருந்தது. கார் சீட் ஆயிற்றே, அடியில் கம்பியை இழுத்தால் முன்னும் பின்னும் போகும். தான் அதைத் தொடவில்லை என்பது அவருக்கு நிச்சயம். யாரோ குள்ளமான ஆள் வண்டியை எடுத்திருக்கிறான். மாப்பிள்ளை நல்ல படிப்பாளி, உத்தியோகஸ்தர்; உயரத்தில் மட்டும் ஆண்டவன் கொஞ்சம் கை சுருக்கியிருந்தான். அளவு நாடா சீட்டிலிருந்து கிளட்சுக்குப் போன காரணம் இப்போது புரிந்தது. சுகமாக உட்கார வைத்து, மெல்ல மெல்ல இறக்கிவிடப் பார்க்கிறார்கள். கட்டிய மனைவியும் அதற்குக் கூட்டு. அந்த நினைப்பில் அவருக்குக் கோபத்தைவிடத் துக்கம்தான் அதிகம் இருந்தது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டதும் கட்டிலில் படுத்து, வேண்டுமென்றே குறட்டை விட்டார். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். டயர் தடம் அவரை, மூடிக் கிடந்த பழைய மில்லுக்குப் பின்னால் உள்ள பொட்டலுக்குக் கொண்டுபோய் விட்டது.

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வட்டமடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துச் சீட்டில் மாப்பிள்ளை இருந்தார். முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்துப் போய். ஸ்டியரிங்குக்கு மேலே தெரிந்த தலை அவர் மனைவியுடையது.

நோட்டம் அப்படியே நின்றுவிட்டார். உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டிருந்தார். இவள் வண்டி ஓட்டுவாள் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

அவள் அவரைப் பார்த்தாள். வண்டியை அவருக்கு எதிரே கொண்டுவந்து, குலுக்காமல் நிறுத்தினாள். மாப்பிள்ளை, "மாமா, நான் வேணாம்னுதான்..." என்று இழுத்தபடி இறங்கினார்.

"என்ன இது?" என்றார் நோட்டம்.

"வண்டி ஓட்டறேன். அடுத்த வாரம் லைசென்ஸ் டெஸ்ட்."

"என்கிட்ட சொல்லாம?"

"சொன்னா நம்புவீங்களா? பழைய சீட்டுல எனக்குக் கால் எட்டலை. அதான் நகர்ற சீட்டா பார்த்துப் போடச் சொன்னேன்."

"உனக்கு எதுக்கு இப்ப டிரைவிங்?"

அவள் எஞ்சினை அணைத்தாள். மாப்பிள்ளை நாகரிகமாகத் தள்ளிப்போய்ப் புழுதியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"போன மழையில மேல இருந்து இறங்கி வந்தோமே, நான் பக்கத்துல இருந்தேன். அந்தக் கொண்டை ஊசி வளைவுல நீங்க பிரேக்கை மிதிக்கலை. மிதிச்சதா நெனச்சீங்க. அப்புறம் ஹேண்ட்பிரேக்கைப் பிடிச்சு இழுத்துட்டு, ரோடு வழுக்குதுன்னு சொன்னீங்க. ரோடு வழுக்கலைங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாக இவர் நினைத்திருந்தது இத்தனை நாளும் தட்டின் நடுவில்தான் இருந்திருக்கிறது.

"அப்படின்னா மாப்பிள்ளையே ஓட்டலாமே" என்றார். குரலில் விஷம் வைக்க முயன்றார். வரவில்லை.

"அவர் ஓட்டினா வண்டி அவர் வாசல்ல நிக்கும். நான் ஓட்டினா நம்ம வாசல்ல நிக்கும்" என்றாள் அவள். "வண்டி இல்லாம உங்களால இருக்க முடியுமா?"

நோட்டம் மில் சுவரைப் பார்த்தார். கண் கலங்கியது, அதைத் துடைக்கவும் வெட்கமாக இருந்தது. பிறகு மறுபக்கம் சுற்றி வந்து, பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை சத்தமில்லாமல் பின்னால் ஏறிக்கொண்டார்.

பொட்டலிலிருந்து தெருவுக்கு ஒரு இறக்கம், முடிவில் ஒரு திருப்பம். வண்டி வேகம் பிடித்தது. நோட்டம் தன் பக்கம் பிரேக் கிடையாது என்று தெரிந்தும் வலது காலைத் தரையில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பலம் கொண்ட மட்டும் அழுத்தினார்.

அவள் கியரைக் குறைத்து, பிரேக்கை மிதித்து, வண்டியை நிதானமாகத் திருப்பினாள். நோட்டம் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது அழுத்தவே இல்லை. பாதம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சும்மா கிடந்தது.