நாய் புத்தகத்தில் இல்லை

என் மனைவி பிறிஜெற்றுக்குப் பொய் சொல்ல வராது. பெண்டாட்டியைப் புகழ்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள், அது ஒரு வருத்தம். கலியாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டால், "கறிக்கு உப்புக் காணாது" என்று அந்த அம்மாவிடமே சொல்லிவிட்டு வருவாள். நான் பின்னால் நின்று பல்லைக் காட்டிச் சமாளிக்க வேண்டும். எனக்குப் பொய் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு பேரில் ஒருவருக்காவது அது வேண்டும், இல்லாவிட்டால் குடும்பம் நடக்காது.

தொழிலும் அவளுக்கு ஏற்றாற்போல வாய்த்தது. புதுக்கடையில் நொத்தாரிசு நமசிவாயம் ஐயாவின் கந்தோரில் காணி உறுதிப் பத்திரங்களை ஒப்புப் பார்க்கிற வேலை. ஒருவர் மூலத்தை உரத்து வாசிப்பார். மற்றவர் பிரதியில் கோடு கீறுகிற அடிமட்டத்தை வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டு போவார். கொமாவையும் வாசிக்க வேண்டும். இதைத் தனியாக இருந்து செய்யக் கூடாது, இரண்டு பேர் வேண்டும் என்பது அந்தக் கந்தோரின் சட்டம். அந்தச் சட்டத்தை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

வீடு கொட்டாஞ்சேனையில், மாமி றஞ்சிதத்தின் வீடு. நான் வீட்டோடு மாப்பிள்ளை, சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். மாமி, பிறிஜெற், அவளுடைய தம்பி ஹியூபேட், நான், ஆக நாலு பேர். ஹியூபேட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கலியாணம் கட்டவில்லை. கேட்டால், "நீங்க படுற பாட்டைப் பார்த்தபிறகா, அத்தான்?" என்பான்.

அவனுக்கு ஜப்பான் கார்ட்டூன் பைத்தியம். கார்ட்டூன் என்று சொன்னால் கோபம் வரும். "அனிமே, அத்தான், அனிமே" என்று திருத்துவான். அதில் ஒன்று, கெந்தா என்கிற லிஃப்ட் திருத்துகிற பையனின் கதை. அதன் ஜப்பான் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை, எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'பாரக்காரன்'. மேலேயிருந்து எது விழுந்தாலும் கெந்தா பிடித்துவிடுவான். லிஃப்ட் விழுந்தாலும் சரி, பஸ் விழுந்தாலும் சரி. ஆனால் பிடித்த பொருளின் பாரத்தில் கொஞ்சம் அவன் உடம்பிலேயே தங்கிவிடும். ஆளைப் பார்த்தால் ஓணான் மாதிரி இருப்பான், ஏறினால் மாடிப்படி வெடிக்கும். ஒருநாள் நிலமே அவனைத் தாங்காது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

இந்தப் படம் ஒரு மங்காவிலிருந்து, அதாவது ஜப்பான் படக்கதைப் புத்தகத்திலிருந்து எடுத்தது என்று ஹியூபேட் வாய்தவறி அக்காவிடம் சொல்லிவிட்டான். போதாதா? மூலம் என்று ஒன்று இருக்கிறது என்று தெரிந்தபிறகு பிறிஜெற்றுக்கு நித்திரை வருமா? புத்தகச் சந்தையில் தொடங்கி, பிறகு கடையில் சொல்லிவைத்து, ஒவ்வொரு பாகமாக ஆங்கிலத்தில் வாங்கினாள். ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல உறை போட்டு, அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை. எங்கள் கோயில் பங்குச் சுவாமி கேட்டும் கொடுக்கவில்லை. நான்தான் போய், புத்தகத்தைப் பூச்சி அரித்துவிட்டது என்று சுவாமியிடம் பொய் சொன்னேன்.

ஞாயிறு பூசை முடிந்து, சோறு தின்றதும், ஹியூபேட் லாப்டொப்பை டீவியில் மாட்டுவான். அவள் புத்தகத்தோடும் அடிமட்டத்தோடும் பக்கத்தில் இருப்பாள். படம் ஓடும், அவள் வாசிப்பாள், அவன் திரையைப் பார்த்து "சரி" என்பான். சரியில்லாத இடத்தில் நிறுத்திவிட்டுச் சண்டை பிடிப்பார்கள். எனக்கு மண்டை காய்ந்துவிடும்.

பாலம் விழுகிற இடத்துக்குப் பிடித்த சண்டைதான் பெரிய சண்டை. புத்தகத்தில் அது கறுப்பும் வெள்ளையுமாக இரண்டே பக்கம், ஒரு சத்தமும் எழுதியிருக்காது. படத்தில் அதே இடத்துக்கு வயலின், மழை, நடுவில் கெந்தாவின் சின்ன வயது ஞாபகம். அரை மணித்தியாலம் முடிந்தும் பாலம் தண்ணீரைத் தொடவில்லை.

"புத்தகத்திலே நான் பக்கத்தைத் திருப்பினாத்தான் விழும். அது என்ட கையிலே இருக்கு" என்றாள் பிறிஜெற். "இதிலே எல்லாம் அவங்கட கையிலே."

"அதுதானக்கா நல்லது. விழுறதை நான் ஏன் என்ட கையாலே திருப்பவேணும்?" என்றான் ஹியூபேட்.

அதைவிடப் பெரிய பகை ஒரு நாய். படம் எடுத்தவர்கள் தங்கள் பாட்டுக்கு ஒரு தெருநாயைக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். மண்ணிறம், ஒரு காது நுனி இல்லை. அது கெந்தாவின் பின்னால் திரியும், அவ்வளவுதான். குரைப்பதுகூட இல்லை. அதைக் கண்டவுடன் பிறிஜெற் அடிமட்டத்தால் மேசையில் தட்டுவாள்.

"நாய் புத்தகத்தில் இல்லை!"

"கிரேனுக்கு மேல தனிய இருந்து பாருங்க அக்கா, அப்ப தெரியும் ஒரு நாயிட அருமை" என்பான் அவன். "அங்க காகம்கூட வராது."

அவளிடம் கடைசிப் பாகமும் இருந்தது. முடிவு அவளுக்குத் தெரியும். அவனோ புத்தகத்தைத் தொடவே மாட்டான், முடிவைத் திரையில்தான் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவளும் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் நல்ல மாதிரி.

போன வருஷம் தபசு காலத்தில் ஹியூபேட்டின் கண் மஞ்சளித்தது. செங்கண்மாரி என்று மாமி கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தாள். குறையவில்லை. ஸ்கான் எடுத்தார்கள். டொக்டர் எங்கள் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டு, அவனை வெளியே வாங்குப் பலகையில் இருக்கச் சொன்னார். ஈரலில் கட்டி. வெட்டி எடுக்கிற இடம் தாண்டிவிட்டது. கிறிஸ்மஸ் பார்க்கிறது கஷ்டம் என்றார்.

மாமி அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்தாள்.

"என்ட பிள்ளைக்கு ஒருத்தரும் சொல்லப்படாது. மாதா மேல ஆணை. அவன் பயப்படாமப் போகவேணும்."

வெளியே வந்ததும், "என்னவாம்?" என்று கேட்டான். "கல்லீரல் வீக்கம், மருந்திலே மாறும்" என்று நான் சொன்னேன். என் வாய்க்கு அது வேலையே இல்லை. பிறிஜெற் அவனைப் பார்க்கவேயில்லை, முச்சக்கரவண்டி பிடிக்கப் போகிறவள்போல முன்னால் நடந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் வாயைத் திறப்பதே குறைந்துவிட்டது. பொய் வராதவளுக்கு வேறு என்ன வழி?

யூன் மாதத்தில் பாரக்காரனின் அந்த வருஷத்துச் சீசன் முடிந்தது. எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று நினைக்கிறீர்கள்? பெரிய கோபுரம் ஒன்று சாய்கிறது, கெந்தா கையை உயர்த்துகிறான். அவ்வளவுதான். கடைசி சீசன் அடுத்த வருஷம் என்று எழுத்து விழுந்தது.

"அடுத்த வருஷமா! அறுவான்கள்" என்று ஹியூபேட் சிரித்தான். மாமி குசினிக்குள் போய்விட்டாள். நான் கூரையைப் பார்த்தேன். பிறிஜெற் புத்தகத்தை மூடி உறையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

இதுதான் அவளைத் தின்றது. முடிவு அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது, திறப்பு அவளுடைய கழுத்துச் சங்கிலியில். ஆனால் கொடுத்தால், ஏன் இப்போது கொடுக்கிறீர்கள் என்று அவன் கேட்பான். பங்குச் சுவாமிக்கே கொடுக்காதவள், அடுத்த வருஷம் வரப்போகிற முடிவை இந்த வருஷமே கையில் கொடுத்தால், அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கொடுக்காவிட்டால் அவன் தெரியாமலே போய்விடுவான். ஒரு கார்ட்டூனின் முடிவுதானே என்று நான் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

படம் எடுக்கிற ஜப்பான் கம்பனிக்கு ஈமெயில் அனுப்பினாள். நொத்தாரிசு கந்தோர் ஆங்கிலத்தில், தாழ்மையுடன் மன்றாடி, தம்பி ஒருவனுக்கு மட்டும் முடிவை முன்கூட்டிக் காட்ட முடியுமா என்று. உடனேயே பதில் வந்தது. உங்கள் ஆதரவுக்கு நன்றி என்று, கெந்தா கை அசைக்கிற படத்தோடு. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக் கோயிலுக்கு, அந்தோனியாரிடமும் போனாள். அவரிடமிருந்து அதுகூட வரவில்லை. நான் கூடப் போய், கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். என்னால் ஆனது அவ்வளவுதான், அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

செப்டெம்பரில் அவன் எழும்பமாட்டாதவனாகிவிட்டான். வயிறு வீங்கி, கால் சூம்பி, பார்க்கப் பொறுக்காது. ஒரு பின்னேரம், மாமி கோயிலுக்குப் போயிருந்த நேரம், பிறிஜெற் அலுமாரியைத் திறந்தாள். கடைசிப் பாகத்தைக் கொண்டுவந்து, அவன் நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் கதவடியில் நின்றேன்.

அவன் உறையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"நீங்க இதை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டீங்களே, அக்கா" என்றான் மெல்ல.

அவள் கழுத்துச் சங்கிலியில் இருந்த திறப்பைத் திருகினாள். ஒரு பொய், ஒரேயொரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருப்பேன், ஆனால் என்னிடம் அவன் கேட்கவில்லை.

"சரி" என்றான் ஹியூபேட், உறுதி ஒப்புப் பார்க்கும்போது சொல்வதைப் போலவே. பிறகு, "எனக்குத் தெரியும் எண்டு அம்மாவுக்குச் சொல்லாதீங்க. பாவம், பயப்படுவா" என்றான். என்னையும் பார்த்துத் தலையசைத்தான். "அத்தான், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்க நல்லாப் பொய் சொல்லுவீங்க."

புத்தகத்தைத் திரும்ப அவளிடம் தள்ளினான். "என்ட கையாலே திருப்பமாட்டன். நீங்க வாசிங்க."

அவள் கதிரையை இழுத்துப் போட்டு வாசித்தாள். கோபுரம் சாய்வது, கெந்தா ஏந்துவது, சனம் ஓடித் தப்புவது. நான் அவள் தோளுக்கு மேலால் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபுரத்தை இறக்கி வைத்தபிறகு கெந்தாவை நிலம் தாங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்கிறான். பக்கம் முழுவதும் வெள்ளை, நடுவில் அவன் ஒருவன்.

"தனியவா?" என்று கேட்டான் ஹியூபேட், கண்ணை மூடிக்கொண்டே.

பிறிஜெற் பக்கத்தைப் பார்த்தாள். கொமாவை விடாமல் வாசிக்கிறவள், வெகுநேரம் பார்த்தாள்.

"இல்லை" என்றாள். "நாய் நிக்குது."

"எங்க?"

"பக்கத்திலே. காது நுனி இல்லாத நாய். அவன் தாழத் தாழ அதுவும் கிட்ட வருது. அவன்ட கையிலே மூஞ்சியை வைச்சுக்கொண்டு படுக்குது. போகேல்லை."

வருஷக்கணக்காக மேசையில் தட்டித் தட்டி அவள் கத்தியதைக் கேட்டவன் அவன். புத்தகத்தில் நாய் இல்லை என்று அவனுக்குத் தெரியாதா? "சரி" என்று மட்டும் சொன்னான். நான் வெளியே போய் வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவினேன்.

நவம்பரில், மரித்த விசுவாசிகளின் மாதத்தில், ஹியூபேட் போனான். வந்த சனத்துக்கெல்லாம் மாமி ஒன்றையே சொன்னாள்: "ஒண்டும் தெரியாமலே போயிட்டான் என்ட பிள்ளை. அதுவாவது எனக்கு ஆறுதல்." ஒவ்வொரு முறையும் பிறிஜெற் எழும்பிப் போய்ப் பிளேன்டீ ஊற்றினாள். குடிக்க ஆளில்லாமல் கோப்பைகள் ஆறிக் கிடந்தன.

போன மாதம் அந்தக் கடைசி சீசன் வந்தது. ஞாயிறு சோறு தின்றபிறகு, ஹியூபேட்டின் லாப்டொப்பை நான்தான் மாட்டினேன். எந்த வயர் எதற்குள் போகிறது என்று தெரியாமல் தடுமாறினேன். பிறிஜெற் புத்தகத்தோடும் அடிமட்டத்தோடும் வந்து இருந்தாள். "நான் வாசிக்கிறன், நீங்க படத்தைப் பார்த்துச் சரி சொல்லுங்க" என்றாள். நான் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன்.

அவள் வாசித்தாள். சரி என்றேன். சரி. சரி. படம் எடுத்தவர்களுக்கு என்ன வந்ததோ, இந்த முறை ஒரு வரி பிசகாமல் எடுத்திருந்தார்கள். வயலின் இல்லை, மழை இல்லை. கோபுரம் இறங்கியது. கெந்தா தாழ்ந்தான். திரை முழுவதும் வெள்ளை, நடுவில் அவன் ஒருவன். முடிந்துவிட்டது.

"ஒரு பிழையும் இல்லை, பார்த்தியா" என்றேன், விசரன், அவளுக்குச் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்து. "அப்பிடியே புத்தகம்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிமட்டம் மடியிலிருந்து விழுந்ததுகூடத் தெரியவில்லை.

"நாய் எங்க?"

"என்ன?"

"நாயை எங்க விட்டவங்கள்? அவன் தனியக் கிடக்கிறான், நாயைக் காணேல்லை. பிழையா எடுத்திருக்கிறாங்கள். திரும்பப் போடுங்க, ஏதாவது மூலையிலே நிக்கும். வடிவாப் பாருங்க!"

என் கையைப் பிடித்து உலுக்கினாள். அதோ, அந்த ஓரத்தில் நிழல் மாதிரித் தெரிகிறதே, அதுதான் என்று நான் சொல்லியிருக்கலாம். வாழ்க்கை முழுவதும் அவளுக்காக ஊருக்கெல்லாம் பொய் சொன்னவன். அன்றைக்கு வாய் வரவில்லை. திரும்பப் போட்டேன்.