மலைக்குப் போன அட்டை மேஸ்

தேயிலைத் தோட்டம் எங்களுக்குத் தந்திருந்த ஒற்றை அறைக் காம்பராவில் மேசை ஒன்றுதான் இருந்தது. தையல் மெசின் மேசையில் ஏறினால் சோறு தரைக்கு இறங்கும்; சோறு மேசையில் ஏறினால் மெசின் கட்டிலுக்குப் போகும். மெசின் கட்டிலில் இருக்கும்போது தம்பிக்குத் தூக்கம் வந்துவிட்டால், அவனை என் மடியில் கிடத்திக்கொண்டு நான் வீட்டுப்பாடம் எழுத வேண்டும். அம்மா தைக்கத் தொடங்கிய பிறகு எங்கள் வீட்டில் பொருள்களும் ஆட்களும் ஒன்றுக்கொன்று இடம்விட்டு வாழப் பழகிக்கொண்டிருந்தோம்.

அம்மா தைத்தது சட்டையோ பாவாடையோ அல்ல, அட்டை மேஸ். கலவானையை ஒட்டிய காட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், அட்டை ஏறாமலிருப்பதற்காக முழங்கால்வரை மாட்டிக்கொள்ளும் துணிக் காலுறை அது. நெருக்கமாக நெய்த வெள்ளைத் துணியை ஒரு நீண்ட பைபோலத் தைத்து, மேல் விளிம்பில் நாடா கோக்க வேண்டும். டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் துணியையும் நூலையும் தந்து, தைத்ததை வாங்கிக்கொள்வார்.

அம்மாவுக்குப் பகல் முழுவதும் மலையில் கொழுந்து பறிக்கும் வேலை. மாலையில் வந்து அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் தையல். அரிசி கொதிக்கும் நேரத்தில் ஒரு கால் முடியும். கறி வேகும் நேரத்தில் மறு கால் முடியும். தையல் நேராக ஓடிய நாட்களில் சோறு குழைந்திருக்கும். தைத்ததை அகப்பைக் காம்பால் தள்ளி உள்புறத்தை வெளியே திருப்புவது என் வேலை. அதைக் கையில் மாட்டிக்கொண்டு யானையாகி அறையைச் சுற்றி வருவது தம்பியின் வேலை.

அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். அவருடைய அக்கா, எங்கள் அத்தை, அடுத்த காம்பராவில் இருந்தார்; அவரும் அம்மாவோடு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர். கதவில் சாய்ந்து நின்று தையலைப் பார்ப்பது அவருக்கு மாலை நேரப் பொழுதுபோக்கு.

“ஊரு ஒலகத்துக்கெல்லாம் காலுக்குச் சட்ட தைக்கிற. ஓம் மகன் சட்டையில ஒரு பொத்தான் இல்ல, அதப் பாத்தியா?”

“பொத்தான் வச்சா மட்டும் போட்டுக்கிறானா மதினி? பிச்சு வாயிலதான போடுறான்” என்பார் அம்மா, மெசினின் கைப்பிடியை நிறுத்தாமல்.

இத்தனை கால்களுக்குத் தைத்த அம்மாவின் கால்களில் அட்டைக் கடித் தழும்பு இல்லாத இடம் குறைவு. மற்றப் பெண்களைப்போல அவரும் காலில் சலவைச் சவுக்காரத்தைப் பூசிக்கொண்டு மலைக்குப் போவார். நல்ல மழை ஒன்று பெய்தால் அது கரைந்துவிடும். ஒரு சோடியை நீங்களே போட்டுக்கொண்டால் என்ன என்று நான் கேட்டதற்கு அம்மா சிரித்தார்.

“அது பாக்க வர்றவங்களுக்கு, பாப்பா. நாங்க என்னா பாக்கவா போறோம்?”

நான்காம் வகுப்பில் படித்தபோது, ஒரு சனிக்கிழமை, அம்மாவோடு கடைக்குப் போயிருந்தேன். முதலாளி வழக்கத்தைவிடப் பெரிய துணிக் கட்டை எடுத்து வைத்தார்.

“அடுத்த சனிக்கிழமை ஒரு பஸ் நெறயா ஆள் வருது, தங்கச்சி. அண்டைக்குக் காலைல முழுசும் எனக்கு வேணும். நேரத்துக்குத் தந்தீங்களெண்டா வருசம் பூரா இந்த வேலைய உங்களுக்கே தாறன்.” பிறகு ஒரு மேஸை எடுத்துத் தையலை விரலால் தடவிக் காட்டினார். “போன கெழம ஒரு வெள்ளக்கார நோனா வந்து கத்தினா. தையல் வழியா அட்ட பூந்திட்டாம். அதையும் கொஞ்சம் பாருங்க.”

திரும்பும் பஸ்ஸில் நான் கேட்டேன்: “அப்ப நீங்க மலைக்குப் போக வேணாமாம்மா?”

“பாப்போம்” என்றார் அம்மா.

பிள்ளைகளின் அகராதியில் ‘பாப்போம்’ என்பதற்குச் சரி என்றுதான் பொருள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எங்கள் கதவு எப்போதும் பூட்டியிருக்கும். அத்தை வீட்டு ஜன்னலில் வைத்திருக்கும் சாவியை எடுத்து, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்குப் போய்த் தம்பியைத் தூக்கி வந்து, ஆறிப்போன ரொட்டியைப் பிய்த்து இருவரும் தின்போம். இனி அந்தக் கதவு திறந்திருக்கும், உள்ளே மெசின் சத்தம் கேட்கும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அந்த வாரம் நான் செய்த ஜெபமெல்லாம் சனிக்கிழமையைப் பற்றியதாகவே இருந்தது.

திங்கட்கிழமை மழை. தையலில் எங்கே ஓட்டை என்று பார்ப்பதற்காக அம்மா ஒரு சோடியை இரட்டைத் தையல் போட்டு, தம் காலில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். அங்கே நடந்ததை அன்று மாலை அத்தை நடித்தே காட்டினார். கங்காணி கைகளை இடுப்பில் ஊன்றி, “என்னா, காடு பாக்க வந்த நோனாவா? டிக்கெட்டு எடுத்தியா?” என்றாராம். பெண்கள் கொழுந்துக் கூடைகளோடு குலுங்கிச் சிரித்தார்களாம். “எங்களையும் ஒரு போட்டோ புடிங்க நோனா!” என்று ஒருத்தி வரிசையாக எல்லோரையும் நிறுத்தினாளாம். அம்மாவும் விடாமல், “கொஞ்சம் சிரிங்க, ஒங்க மூஞ்சியப் பாத்தா அட்டையே பயந்து ஓடும்” என்றாராம்.

ஆனால் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மா நாடாவை அவிழ்த்து மேஸைக் கழற்றியபோது சிரிப்பு நின்றுவிட்டது. மற்றவர்கள் கால்களில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது; அம்மாவின் கால்கள் கழுவித் துடைத்தவைபோல இருந்தன. அந்த இடத்தை மட்டும் அத்தை நடிக்காமல் சொன்னார்.

அன்று மாலையே ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி பழைய கட்டில் விரிப்பு கொண்டுவந்தாள், ஒருத்தி மாவுச் சாக்கு, இன்னொருத்தி புருஷனின் கால்சட்டை. “அவரு கேட்டா வண்ணான் தொலைச்சிட்டான்னு சொல்லிக்கிறேன்” என்றாள். வண்ணான் யாரும் எங்கள் தோட்டத்தில் இருக்கவில்லை. முதலாளியின் வேலை முடிந்ததும் தைத்துத் தருவதாகச் சொல்லி அம்மா எல்லாவற்றையும் மூட்டையாக மூலையில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை அம்மா தாமதமாக வந்தார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைப் பார்த்துப் பேசிவிட்டு வந்ததாக அத்தையிடம் சொன்னது காதில் விழுந்தது. அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தார். தம்பி யானையாக வந்து முட்டியபோது அவனை மெல்ல ஒதுக்கிவிட்டார். பிறகு வெள்ளைத் துணியைத் தள்ளி வைத்துவிட்டு, மூலையில் கிடந்த மூட்டையை அவிழ்த்தார்.

கட்டில் விரிப்பின் கோடுகளும் பூக்களும் மெசின் ஊசியின் கீழே போவதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

“அம்மா, சனிக்கிழமை!”

“தெரியும், பாப்பா.”

நான் என்னாலான வேலைநிறுத்தத்தைத் தொடங்கினேன். வெள்ளை மேஸ்களை மட்டும் திருப்பினேன். வண்ணத் துணி மேஸ்களைத் தொடவில்லை. அம்மா என்னை அதட்டவில்லை. சோறு ஆக்கி, தம்பிக்கு ஊட்டி, பாத்திரம் கழுவிய பிறகு அகப்பையை எடுத்துத் தாமே அவற்றைத் திருப்பினார்.

“கூலி வேலைய மொதல்ல முடி. அப்புறம் தருமம் பண்ணு” என்று அத்தையும் எனக்காகப் பேசினார். அவர்மீது எனக்கு அளவற்ற மரியாதை ஏற்பட்டது. வியாழக்கிழமை அவரே முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்து, நான் பார்க்கவில்லை என்று நினைத்து மெசினடியில் வைத்துவிட்டுப் போகும்வரை அது நீடித்தது. ஒரு பழைய திரைச்சீலை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போகும் வழியில் மலையைப் பார்த்தேன். பச்சைத் தேயிலைச் செடிகளுக்கிடையே கோடு போட்ட கால்களும் பூப்போட்ட கால்களும் மேலே ஏறிக்கொண்டிருந்தன. கங்காணி பாதையோரத்தில் குடையை ஊன்றி நின்றார். யாரை முதலில் கேலி செய்வது என்று தெரியாதவர்போல அவர் வாய் திறந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கால்கள் ஒவ்வொன்றும் எங்கள் கதவில் போட்ட பூட்டாகவே எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை நாங்கள் கொண்டுபோன கட்டு குறைவாக இருந்தது. முதலாளி எண்ணிப் பார்த்தார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தையலை வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பார்த்து, “வேல சுத்தம். கையில கொற இல்ல, தங்கச்சி. ஆனா எனக்கு நேரத்துக்கு வேணுமே” என்றார். மீதிக்கு டவுனில் கரண்ட் மெசின் வைத்திருந்த ஒருவரிடம் ஆள் அனுப்பினார். வருட வேலையும் அவருக்கே போய்விடும் என்பது சொல்லாமலே விளங்கியது. அவசரத்துக்கு இடையிடையே துணி தருவதாகச் சொல்லி, என் கையில் இரண்டு டொபி வைத்தார். பஸ்ஸில் நான் டொபியைத் தின்றேன். ஆனால் அம்மாவோடு பேசவில்லை.

அம்மா எவ்வளவு தைத்தார், யாருக்கு முதலில் தைத்தார் என்று அந்த வாரத்தை இன்றைக்கும் நான் நிறுத்துப் பார்ப்பதுண்டு. அன்று என்னிடம் இருந்த தராசில் ஒரே ஒரு தட்டுதான் இருந்தது. அம்மாவுக்கு வீட்டில் இருக்க விருப்பமில்லை, எங்களைவிட மலைப் பெண்களே அவருக்குப் பெரிது என்பதுதான் நான் கண்ட முடிவு.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்த பிறகு அப்பா போனில் பேசினார். அம்மா வெங்காயம் உரித்தபடி, போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டிருந்தார்.

“செவ்வாக்கெழமையே கணக்கப்புள்ளகிட்டக் கேட்டுட்டேங்க. நான் மலைக்குப் போகாட்டி பேர வெட்டிருவாங்களாம். வீட்டுல ஒருத்தராவது தோட்டத்துல வேல செய்யணுமாம், இல்லாட்டி காம்பராவத் திருப்பிக் குடுக்கணுமாம். நீங்களும் அங்க இருக்கீங்க.” சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “ஆமாங்க, மொதலாளி நல்ல மனுசன்தான். வருசம் பூரா வேல தருவாரு. எடம் தருவாரா? மெசினத் தூக்கிக்கிட்டு நான் எங்க போய் ஒக்காந்து தைக்கிறது?”

முந்தைய நாளிலிருந்து அம்மாவோடு பேசாமலிருந்த எனக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. இவ்வளவு சின்னக் காரணத்துக்காகவா இத்தனையும் என்று ஆத்திரமும், அதற்கு விடை எனக்குத் தெரியும் என்ற உற்சாகமும் சேர்ந்து வந்தன.

“அத்த வீட்டு ஜன்னலுக்குக் கீழ எடம் இருக்கும்மா! மெசின அங்க வைக்கலாம்!”

வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. அம்மா என்னையே பார்த்தார். பிறகு, “ஒங்க மக எடம் பாத்துட்டா” என்று போனில் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்று நினைத்தேன். பெரியவர்கள் இரண்டுபேருக்கும் தோன்றாத ஒரு வழி எனக்குத் தோன்றிவிட்ட பெருமையில், எழுந்து போய் அத்தையின் ஜன்னலடியைச் சாண் போட்டு அளக்கத் தொடங்கினேன்.