தினமும் வரும் அம்மா

"போன்லயே புள்ள வளத்துடலாம்னு பாக்கிறியா?"

போன வருடம் நான் வேலூருக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று என் கணவரின் அக்கா கேட்ட கேள்வி இது. ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். என் கணவர் ஆள் ஏற்றி ஓட்டும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தேன். என் நான்கு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊரே கேட்கும்படி கேட்டார் அண்ணி. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரத்தப் பரிசோதனை செய்வதற்கான படிப்பை முடித்து, மருத்துவமனையில் வேலையும் வாங்கியிருந்தேன். அந்தத் திமிரோடு, "வளத்துக் காட்டறேன் அண்ணி" என்றேன்.

முதல் சம்பளத்தில் நல்ல போன் ஒன்று வாங்கி அனுப்பினேன். எங்கள் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது. புளியமரத்தடியில் உள்ள பெரிய பாறைமேல் ஏறினால்தான் கிடைக்கும். எனக்கோ ஒரு நாள் காலை ஷிப்ட், ஒரு நாள் மதியம். எப்போது கை ஒழிகிறதோ அப்போது வீடியோ காலில் கூப்பிடுவேன். மகளின் முகம் திரையில் தெரிந்ததும் அன்றைய அலுப்பெல்லாம் போய்விடும்.

சில மாதங்களில் அந்த முகம் மாறியது. பேசும்போது கண் என்மேல் நிற்காது. "இன்னா பண்ணே கண்ணு?" என்றால், "வீடியோ பாத்தேன்." சாப்பிடும்போது? அப்போதும் வீடியோதான். அண்ணியோ, "உன் பொண்ணு பாறையிலயே குடித்தனம் பண்றா. சோறும் அங்கதான், தூக்கமும் அங்கதான். பொம்மப் படம் ஓடிங்கினே இருக்கணும்" என்று குறைப்பட்டார்.

புளி உலுக்கும் சமயத்தில் மூன்று நாள் விடுப்பு கிடைத்தது. சொல்லாமல் போய் நின்றால் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள் என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டே போனேன். அவள் பாறைமேல் இருந்தாள். மடியில் போன். என்னை நிமிர்ந்து பார்த்தாள், லேசாகச் சிரித்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

மலைப்பாதை முழுவதும் நான் சேர்த்து வைத்திருந்த ஆசை கோபமாக மாறிவிட்டது. போனைப் பிடுங்கி அணைத்து, பைக்குள் போட்டேன். பாறையில் புரண்டு அழுதாள். "அம்மா வரும்! குடு, அம்மா வரும்!"

"நான்தாண்டி அம்மா. இதோ வந்துட்டனே."

அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "நீ போய்டுவ. போன்ல வர்ற அம்மா டெய்லி வரும்."

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் எப்போது கூப்பிடுவேன் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் பொழுது விடிந்ததும் பாறைக்கு வந்துவிடுகிறாள். நான் வரும்வரை பொழுது போக வேண்டுமே, அதற்குத்தான் பொம்மைப் படம். நாளாக நாளாக அந்தப் படமே பெரிதாகிப் போயிருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணியிடம் சொன்னேன். போன் இனி சுவர் மாடத்தில்தான் இருக்கட்டும். மேய்ந்த ஆடுகள் ஊர் திரும்பும்போது பாறைக்குக் கூட்டிப் போங்கள், அப்போது நான் கூப்பிடுகிறேன், பேசி முடித்ததும் திரும்ப மாடத்துக்கு என்று. மகளுக்கு மணி பார்க்கத் தெரியாது. ஆட்டைப் பார்க்கத் தெரியும்.

அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. "நீ சொல்லிட்டு பஸ் ஏறிடுவ. போன் இருந்தா ஒரு இடத்துல குந்தினு இருப்பா. இல்லன்னா நான் புளி தட்டறதா, இவ பின்னால ஓடறதா?"

அவர் கேட்டதும் நியாயம்தான். மறுநாள் மூவரும் புளி தட்ட உட்கார்ந்தோம். தெறித்து ஓடும் கொட்டைகளைப் பொறுக்கி டப்பாவில் போடும் வேலையை மகளிடம் கொடுத்தோம். பாதி நேரம் அழுதாள், பாதி நேரம் பொறுக்கினாள். "இவ பொறுக்கறதவிட இறைக்கறதுதான் ஜாஸ்தி" என்றார் அண்ணி. ஆனால் டப்பாவை வாங்கிக்கொள்ளவில்லை.

வேலூர் திரும்பியதும் கெஞ்சிக் கேட்டு காலை ஷிப்டாக மாற்றிக்கொண்டேன். போன் மாடத்துக்குப் போன முதல் வாரம் ரகளைதான். பிறகு மெல்ல அடங்கினாள். சாயங்காலம் கூப்பிட்டால், டப்பாவைத் திரைக்கு முன் குலுக்கிக் காட்டுவாள். கறுப்பு ஆடு அத்தையின் முந்தானையைத் தின்றது, குட்டி பள்ளத்தில் விழுந்து ஏறியது என்று மூச்சு விடாமல் சொல்வாள். எனக்குச் சொல்ல அவளிடம் ஒரு பகல் முழுக்கச் சேர்ந்திருந்தது.

ஒரு நாள் மதிய ஷிப்டுக்கு ஆள் வரவில்லை, நானே தொடர வேண்டியதாயிற்று. பரிசோதனைக் குழாய்கள் குவிந்துகொண்டே இருந்தன. ஓடி வந்து கூப்பிட்டபோது இருட்டிவிட்டது. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று பதில் வந்தது. நான் சொல்லி வைத்தபடியே போன் மாடத்துக்குப் போய்விட்டது. தெரிந்தும், மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டே விடுதிப் படிக்கட்டில் நின்றேன். பாறையில் அவள் எப்படிக் காத்திருந்திருப்பாள் என்று அன்றுதான் என் உடம்புக்குத் தெரிந்தது.

மறுநாள் அவள் டப்பாவைக் காட்டவில்லை. "நேத்து ஏன் வர்ல? ஆடெல்லாம் வந்துடுச்சு. நீ மட்டும் வர்ல."

அடுத்த விடுப்பில் ஊருக்குப் போகும் வழியில், எங்கள் மலையிலேயே உள்ள ஜமுனாமரத்தூரில் இறங்கி, அங்குள்ள சின்னப் பரிசோதனை நிலையத்தில் வேலை கேட்டேன். "வேலூர் சம்பளம் இங்க வராதும்மா" என்றார்கள். தெரியும் என்றேன். வரச் சொல்லிவிட்டார்கள். "அப்ப நம்ம ஜீப்புக்கு டெய்லி ஒரு டிக்கெட்டு. காச கரெக்டா குடுத்துடணும்" என்றார் கணவர். அண்ணி மட்டும், "வளத்துக் காட்டறேன்னியே, வா" என்றார், புளி தட்டுவதை நிறுத்தாமல்.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் பேசி முடிக்கும்போது, "நாளைக்கு வருவியா?" என்று கேட்கிறாள். போனில் நான் சொல்லும் ஒரு "வருவேன்" என்ற வார்த்தையை நம்பித்தான் அவள் ஒரு பகல் முழுவதையும் கழிக்கிறாள். விடுதி அறையைக் காலி செய்வதாக நேற்றுச் சொல்லிவிட்டேன்.