நாலு நிமிடத்தில் திறந்த பீரோ

வங்கியிலிருந்து போன் வந்தபோது, லோன் கிடைத்துவிட்டது என்றுதான் சாவிக்காரர் நினைத்தார். எட்டு மாதமாக அந்த ஒரு அழைப்புக்காகப் போனைச் சட்டைப்பையை விட்டு எடுக்காமல் திரிந்த மனுஷன். ஆனால் போனில் கேட்டது வேறு.

"ஒரு பீரோ திறக்கணும். சாவி இல்ல. உடனே வர முடியுமா?"

அவருடைய கடை பஸ் நிலையத்துச் சுவரோரம் நிற்கும் ஒரு தகரப் பெட்டி. முப்பது வருடமாக அடுத்தவர் வாசலைத் திறந்துவிட்டே பிழைத்தவருக்குச் சொந்தமாக ஒரு வாசல் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில்தான் அதற்கு ஒரு வழி பிறந்தது. ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் மகளோடு போய் இருக்கப் போகிறார். தன் இரண்டு அறை வீட்டை இவருக்கே தருவதாகச் சொன்னார். அந்த வீட்டுக்குப் பூட்டுப் போட்டதே இவர்தான். "ஆறு மாசம் காத்திருக்கேன்ப்பா" என்றவர், அளவெடுக்க வசதியாக ஒரு சாவியையும் கொடுத்தார். சாவிக்காரரின் மனைவி போய் தையல் மெஷின் எந்த ஜன்னலடியில், கட்டில் எந்தச் சுவரோரம் என்று முடிவு கட்டிவிட்டு வந்து, அந்தச் சாவியை வாடகை வீட்டுச் சமையலறை ஆணியில் மாட்டினாள். தினமும் அதைத் துடைக்கவும் செய்தாள். சாவியை யாராவது துடைப்பார்களா?

அப்புறம்தான் வங்கி. அங்கே கண்ணாடி போட்ட ஒரு கிளார்க். வருமானத்துக்கு ரசீது கேட்டார்.

"சாவியத் தொலைச்சிட்டு வாசல்ல நிக்கிறவன் ரசீதா சார் கேப்பான்?"

"எனக்குப் பேப்பர் வேணும்."

தொழில் பட்டியலில் சாவி செய்கிறவர் என்று ஒன்று இல்லையாம். பூட்டு என்றால் பாதுகாப்புதானே என்று கம்ப்யூட்டரில் 'பாதுகாப்புப் பணி' என்று தட்டினார்கள். அடுத்த மாதம் இவரைக் கூப்பிட்டு, எந்தக் கம்பெனிக்குக் காவல் இருக்கிறீர்கள், அவர்களிடம் கடிதம் வாங்கி வாருங்கள் என்று அதே ஆட்களே கேட்டார்கள். அதைத் திருத்த ஒரு மாதம். அதற்குப் பிறகு எந்தத் திங்கட்கிழமை போனாலும் ஒரே பதில்தான்: "மேலிடத்துக்குப் போயிருக்கு." கிணற்றில் போட்ட கல்தான். ஆறு மாதம் முடிந்து, டீச்சர் பெரிய மனசு பண்ணி இன்னும் இரண்டு மாதம் பொறுத்தார். அந்தக் கெடுவும் போன சனிக்கிழமையோடு முடிந்திருந்தது.

இன்று கருவிப் பெட்டியோடு உள்ளே நுழைந்தவருக்கு அதே கண்ணாடிக்காரர் நாற்காலி போட்டார். ஃபேனைத் திருப்பிவிட்டார். டீகூடச் சொன்னார்.

"உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே."

இருபது திங்கட்கிழமையாவது சாவிக்காரர் இந்த மனிதரின் மூக்குக்கு நேரே நின்றிருப்பார். கருவிப் பெட்டியைத் திறந்தார்.

"லோன் பாத்துக்கிட்டிருந்த ஆபீசர் மாறிப் போறப்ப சாவியக் கையோட கொண்டுபோயிட்டார். அஞ்சு மாசமாச்சு. அனுப்பறேன் அனுப்பறேன்னார், நாங்களும் விட்டுட்டோம். நாளைக்கு ஆடிட் வராங்க, அதான்."

பீரோ பழைய இரும்பு பீரோ. இரண்டு கம்பி, கொஞ்சம் எண்ணெய். நாலு நிமிடத்தில் கைப்பிடி திரும்பியது.

உள்ளே ஒரு குடை, காய்ந்துபோன டீ டம்ளர், அடுக்காக ஃபைல்கள். மேலிருந்து மூன்றாவது ஃபைலின் மீது ஒட்டியிருந்த போட்டோவைக் குனிந்து பார்த்தார். மைத்துனனிடம் சட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோ. அவரேதான்.

"சார், இது என் ஃபைல்."

"அப்படியா? அட, நீங்களா!" கண்ணாடிக்காரர் பிரித்தார். முதல் தாளே அனுமதிக் கடிதம். கடன் வழங்கப்படுகிறது என்று அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியிருந்தது. தேதி, ஐந்து மாதத்துக்கு முந்தையது.

"மேலிடத்துக்குப் போயிருக்குன்னீங்களே?"

"போயிட்டு வந்திருக்கும்போல."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வாரம் தவறாமல் சாவிக்காரர் எந்த நாற்காலியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாரோ, அதற்கு நாலடி பின்னால் அவருடைய வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. அதுவும் ஒரு பூட்டுக்குள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காசு வாங்காமல் திறந்துவிட்டிருப்பார். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

"அப்போ இப்பவே பணம் வந்துடுமா சார்?"

கண்ணாடிக்காரர் கடைசி வரியில் விரலை வைத்தார். "மூணு மாசத்துக்குள்ள வாங்கலன்னா ரத்துன்னு போட்டிருக்கே. புதுசா எழுதிக் குடுங்க, இந்தத் தடவை சீக்கிரம் முடிச்சிடலாம். பீரோ திறந்ததுக்கு ஒரு பில்லும் குடுத்துட்டுப் போங்க. மேலிடத்துக்கு அனுப்பித்தான் வாங்கணும்."

வாசலுக்கு வந்தவர் டீச்சரைப் போனில் கூப்பிட்டார். கடிதம் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன், இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்று கெஞ்ச வேண்டும் என்பது ஒன்றுதான் மனசில் இருந்தது. டீச்சர் முந்திக்கொண்டார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்ப்பா. நேத்து எழுதிக் குடுத்துட்டேன். மக ஒரே பிடியா நின்னுட்டா. என்னை மன்னிச்சிடு. வாங்கினவங்க இன்னைக்கே பூட்டு மாத்தணும்ங்கறாங்க. உன்கிட்ட கேக்க எனக்கு வாயே வரல. ஆனா வேற யாரையும் எனக்குத் தெரியாதுப்பா."

"வரேன் டீச்சர்" என்றார். எப்படி அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

பிற்பகலில், வீட்டை வாங்கியவர் பக்கத்தில் நிற்க, தான் போட்ட பூட்டைத் தானே கழற்றினார். திருகாணி இரண்டு தடவை கைதவறி விழுந்தது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படி விழுந்ததில்லை.

"பழைய பூட்டுக்கு மொத்தம் எத்தனை சாவிங்க?"

"மூணு. ரெண்டு டீச்சர்கிட்ட இருக்கு."

"இன்னொண்ணு?"

"ஒரு வீட்ல ஆணியில மாட்டியிருக்கு."

"யார் வீடு? போய் வாங்கிட்டு வந்துடலாமா?"

"வேண்டாங்க. இனிமே அது எதையும் திறக்காது" என்று சொல்லிவிட்டு, சாவிக்காரர் புதுப் பூட்டின் மூன்று சாவிகளையும் அவர் கையில் கொடுத்தார்.