தறிக்குழிக்கு வலப்புறம்

கட்டட வேலை எடுத்துச் செய்யப்போகிறேன் என்று நான் கிளம்பியபோது கையில் இருந்தவை ஒரு டேப், ஒரு பழைய டூவீலர், மனைவியின் வளையல்களை அடகு வைத்த பணம். ஆழம் தெரியாமல் காலை விட்டேன். முதலில் சிமென்ட் வாங்குவதா, ஜல்லி வாங்குவதா, கொத்தனாருக்கு முன்பணம் கொடுப்பதா என்று தினமும் காலையில் குழம்பிப்போய் நிற்பேன்.

முதல் வேலை ஓரிக்கையில் கிடைத்தது. பட்டு நெய்கிற ஒரு தம்பதி. சின்ன வீடு, அதில் ஒரு தறி அறை. பெரிய காண்ட்ராக்டர்களை விட்டு என்னைக் கூப்பிட்டதற்கு ஒரே காரணம், நானும் நெசவாளி வீட்டுப் பிள்ளை.

"தறி தெரிஞ்ச ஆளு கட்னா எடுத்துச் சொல்ற வேல மிச்சம்பா" என்றார் கணவர். "உன்கூட யாரு இருக்காங்க?"

"ஒத்த ஆளுதாங்க. எல்லாம் நானே பாத்துப்பேன்."

என் மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஆள் வைக்க வழியில்லாததால் கட்டுகிற சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றப்போவது அவள்.

இந்த வீடு நன்றாக வந்தால் அதே தெருவில் இன்னும் இரண்டு வீடு. சொதப்பினால் வளையலும் போச்சு, பேரும் போச்சு. அதனால் எங்கள் வீட்டுத் தறியை நானே போய் அளந்தேன். நீளம், அகலம், கால் விடும் குழியின் ஆழம், எதையும் விடவில்லை.

சுவர் எழும்பியது. தளம் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் வீட்டுக்காரர் குழியில் காலை விட்டு உட்கார்ந்து பார்த்தார். கச்சிதமாக இருந்தது. அவர் மனைவி வலப்புறம் உட்காரப் போனார். அங்கே சுவர். இப்படித் திரும்பினார், அப்படித் திரும்பினார்.

"நான் எங்கப்பா உக்கார்றது?"

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. மறுபடி அளந்தேன். எல்லாம் சரி. இன்னொரு தரம் அளந்தேன். அளவு சரியாக இருக்கும்போது ஆளுக்கு இடம் எப்படி இல்லாமல் போகும்? யார் மேல் என்று தெரியாமல் கோபம் வந்து, பாவம், கொத்தனார் மேல் எரிந்து விழுந்தேன்.

கரை வேறு நிறத்தில் வருகிற சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து இன்னொருவர் கரை நூலைக் கொண்டுபோகிற நாடாவைப் போட வேண்டும். இது எனக்குத் தெரியாததா? எங்கள் வீட்டில் அந்த இடம் அம்மாவுடையது. நான் அளக்கப் போன அன்றும் அங்கேதான் இருந்தாள். "கொஞ்சம் எழுந்திரும்மா, அளக்கணும்" என்று எழுப்பி விட்டவனே நான்தான். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

சுவரை ஒன்றரை அடி தள்ளிக் கட்ட வேண்டும். கையில் காசில்லை.

"என்ன பண்றதுன்னே புரியல" என்றேன் மனைவியிடம்.

"கல்ல ஒடையாம எடுத்தா அதையே வெச்சுக் கட்டலாம்" என்று குடத்தை இறக்கி வைத்தாள்.

இரண்டு நாள் இருவருமாகச் சுவரைப் பிரித்தோம். கடைசிக் கல்லை எடுத்ததும் அவள் குழிக்கு வலப்புறம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒத்த ஆளு, ஒத்த ஆளுன்னு சொல்லிக்கினு இருந்தா இப்டிதான் ஆவும். இப்ப அளந்துக்கோங்க."

அவளை எழுப்பாமல் அளந்தேன்.