செட் மாத்திரையில் சின்னது

அடையாறில் எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டு, கோட்டூர்புரம் பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தேன். எக்ஸ்ரே உறை காற்றில் படபடத்தது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். பஸ் ஏறவில்லை. தி. நகர் போய்ச் சேர்வதற்குள் கூட்டாளியிடம் என்ன சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது.

ஜவுளிக்கடைக்கு லாரியில் வரும் புடவை பண்டல்களை மாடிக்கு ஏற்றுவது எங்கள் வேலை. ஒரு முனையில் அவன், மறுமுனையில் நான். ஏழு வருடமாக அப்படித்தான். உண்மையைச் சொன்னால் எனக்கு வேலை போய்விடும். சொல்லாமல் தூக்கி, படிக்கட்டில் என் முதுகு கைவிட்டால் பண்டல் அவன் மேல்தான் விழும்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். நெல்லூரில் ரைஸ் மில், தூத்துக்குடியில் உப்பளம், வடபழனியில் கல்யாண மண்டபம் என்று எங்கேயும் இரண்டு வருடத்தைத் தாண்டியதில்லை. பண்டல் வேலையில் என்னை நிற்க வைத்தது செட் மாத்திரை. மெடிக்கலில் போய் உடம்பு வலி என்றால் மூன்று நான்கு மாத்திரைகளைப் பிரித்துக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். டாக்டர் சீட்டெல்லாம் கேட்பதில்லை. அதிலிருந்த பெரிய மாத்திரை வயிற்றை எரித்தது. அதை விட்டுவிட்டு, பொட்டு மாதிரி இருக்கும் வெள்ளை மாத்திரையை மட்டும் கேட்டு வாங்க ஆரம்பித்தேன். இத்தனை சின்னது என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். உடம்பு லேசாயிற்று. நன்றாகப் பசித்தது. கன்னம் உப்பியது. பட்டணம் ஒருவழியாக எனக்கு ஒத்துக்கொண்டது என்று நம்பினேன்.

அடையாறில் டாக்டரம்மா அந்த மாத்திரை உறையை மேசையில் கொட்டிப் பார்த்தார்.

"இது ஸ்டீராய்டு. வயசானா எலும்பு தேயறது ஒரு பக்கம். வருஷக்கணக்கா இதைப் போட்டதுல இன்னும் வேகமாத் தேஞ்சிருக்கு. முதுகுல ஒரு எலும்பு நசுங்கியிருக்கு, பாருங்க."

"அப்ப இன்னிக்கே நிறுத்திடறேன்மா."

"அதையும் பண்ணாதீங்க. திடீர்னு நிறுத்தினா மயங்கி விழுந்துடுவீங்க. நான் எழுதித் தர்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். நடக்கலாம். கனம் மட்டும் தூக்கவே கூடாது."

நந்தனம் வருவதற்குள் பொய் தயாராகிவிட்டது. சதைப்பிடிப்பு, நாலு நாளில் சரியாகிவிடும்.

கடைக்குப் பின்சந்தில் கூட்டாளி டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"வா நைனா. நாளிக்கு பட்டு லோடு கீது. நீ மேல்பக்கம் புடி, நான் கீழ நின்னுக்கிறேன்."

படியேறும்போது கீழ்முனையில்தான் பாரம் முழுக்க இறங்கும். நான் கேட்காமலே அவன் அதை எடுத்துக்கொண்டான். தயாரித்த பொய் வாயில் வரவில்லை.

"நாளைக்கு நான் தூக்கல. இனிமேயும் முடியாது" என்று எக்ஸ்ரேயை நீட்டி, மாத்திரைக் கதையையும் சொன்னேன்.

அவன் அதை வானத்துக்கு நேராகப் பிடித்து உற்றுப் பார்த்தான். "மூஞ்சி பன்னு மாட்டம் ஊதிக்கினு வந்தப்போ, எவளோ ஒருத்தி வேளாவேளைக்கு சோறு போட்றாளேன்னு வயிறெரிஞ்சேன்யா. கடைசில மாத்திரையா?"

"நீயும் அதைத்தானே போடறே?"

"நான் எப்பவாச்சும் தாம்பா."

"எடு, பார்க்கலாம்."

சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்தான். உள்ளே சின்னது இரண்டு இருந்தது. அவன் சிரிக்கவில்லை. டாக்டர் எங்கே உட்காருகிறார் என்று கேட்டுக்கொண்டான். பிறகு டீ கிளாஸை வைத்துவிட்டு, அவனே மேனேஜரிடம் போய்ப் பேசினான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, கடை கொடுத்த வெள்ளைச் சட்டையில் வாசலில் கைகூப்பி நின்றேன். கூலி குறைவுதான். "வாங்கம்மா, பட்டு ரெண்டாவது மாடி. வாங்க சார், வேட்டி கீழேயே இருக்கு." ஒரு மணி நேரம் ஆவதற்குள் ஓர் அம்மா, "கொஞ்சம் புடிப்பா" என்று காய்கறிப் பையை என் பக்கம் நீட்டினார். கூப்பிய கையைப் பிரிக்காமல், பை வைக்கிற கவுண்டரைத் தலையால் காட்டினேன்.